ஒரு நாடு, இரண்டு நவாபுகள்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் குதுப்மினாருக்கு அழைத்துச் செல்லும் வழியில், லோதி சாலையின் மேற்குக் கோடியில் நிற்கும் சப்தர்ஜங் கல்லறையையும் காட்டுவது டில்லித் தமிழர் வழக்கம். சென்ற மார்கழியில் என் சித்தப்பா வந்திருந்தார். கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவர் எந்த ராஜா?" என்று கேட்டார். "ராஜா இல்லை சித்தப்பா, பாதுஷாவின் மந்திரி" என்றேன். "மந்திரிக்கா இவ்வளவு பெரிய மாளிகை? அப்படியானால் பாதுஷா எங்கே படுத்திருக்கிறார்?" என்றார். எனக்கு விடை தெரியவில்லை. ஆய்வுக்கூடத்தில் குடுவையைக் கழுவும் மாணவனுக்கு மொகலாயர் வரலாறு எதற்கு என்று விட்டுவிடவும் மனம் வரவில்லை. தேடத் தொடங்கினேன். டில்லியில் தொடங்கிய தேடல், வியப்பாக, ஆர்க்காட்டிலும் திருச்சிராப்பள்ளியிலும் கொண்டுபோய் நிறுத்தியது. அந்தச் செய்தியையே இங்கு எழுதுகிறேன்.

சப்தர்ஜங் 1748 முதல் அகமது ஷா பாதுஷாவின் வஜீர், அதாவது முதலமைச்சர். பாதுஷாவுக்கும் அவருக்கும் பகை முற்றியது. 1753 மார்ச்சு மாதம் வஜீர் நகரைவிட்டு வெளியேறினார்; மே மாதம் போர் மூண்டது. பாதுஷா அவரைப் பதவியிலிருந்து நீக்கி வேறொருவரை வஜீர் ஆக்கினார். சப்தர்ஜங் சும்மா இருக்கவில்லை. "நீ வேறு வஜீரை வைத்தால் நான் வேறு பாதுஷாவை வைக்கிறேன்" என்பதுபோல, ஒரு சிறுவனை அரச குலத்தவன் என்று சொல்லி, அக்பர் ஆதில் ஷா என்று பெயர் சூட்டி, அரியணையில் ஏற்றிவிட்டார்! மதிலுக்கு உள்ளே ஒரு பாதுஷா. மதிலுக்கு வெளியே ஒரு பாதுஷா. சப்தர்ஜங்கின் நண்பரான பரத்பூர் சூரஜ்மலின் ஜாட் படை பழைய டில்லியைச் சூறையாடியது. நவம்பரில் சமாதானம் ஏற்பட்டது. சப்தர்ஜங் தம் அயோத்தி மாகாணத்துக்குத் திரும்பினார். மறு ஆண்டு இறந்தார். அவர் மகன் எழுப்பிய கல்லறைதான் நாம் பார்ப்பது. அந்தப் போட்டிப் பாதுஷாவுக்கு ஒரு நடுகல்லும் இல்லை.

உள்நாட்டுப் போர் என்றால் இரண்டு படைகள் மோதுவது என்றே நாம் எண்ணுகிறோம். அதைவிட விந்தையானது, ஒரே நிலப்பரப்புக்கு இரண்டு அரசாங்கங்கள் தோன்றுவது. இரண்டும் ஆணை பிறப்பிக்கும். இரண்டும் அதிகாரிகளை நியமிக்கும். இரண்டும் வரி கேட்கும். மற்றது போலி என்று இரண்டும் சொல்லும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெண்டகி மாநிலத்துக்கு இப்படி இரண்டு அரசாங்கங்கள் இருந்தன. பிராங்க்போர்ட்டில் இருந்த சட்டசபை வடவர் பக்கம் நின்றது. 1861 நவம்பரில் தென்னவர் பக்கம் சேர்ந்தோர் தனியே மாநாடு கூட்டி ஓர் ஆளுநரைத் தேர்ந்தார்கள். அவர் 1862-இல் ஷைலோ போர்க்களத்தில் இறந்தார். அடுத்தவர் அக்டோபர் மாதம் பிராங்க்போர்ட்டிலேயே பதவி ஏற்றார். எதிரிப்படை நெருங்கவே, ஏற்ற அன்றே நகரை விட்டு ஓடினார். தென்னவர் கூட்டணியில் உண்மையில் பிரிந்து சேர்ந்தவை 11 மாநிலங்கள்தாம். அவர்கள் கொடியிலோ 13 நட்சத்திரங்கள். கூடுதலான இரண்டும் கெண்டகியும் மிசௌரியும். ஆள நிலம் இல்லாத அரசாங்கத்துக்கும் கொடியில் ஒரு நட்சத்திரம் கிடைத்துவிடுகிறது.

அதற்கு 110 ஆண்டுகளுக்கு முன்னர் நம் நாட்டிலேயே இது நடந்தது. பள்ளிப் புத்தகத்தில் "கர்நாடகப் போர்கள்" என்ற தலைப்பில் படித்தோம். கிளைவ், டூப்ளே என்ற இரண்டு பெயர்களை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்றோம். ஆனால் அது முதலில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த போர் அன்று. ஆர்க்காட்டுச் சீமைக்கு யார் நவாப் என்ற போர்.

அந்நாளைய அமைப்பைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். டில்லிப் பாதுஷாவின் கீழ் தக்காணத்துக்கு ஒரு சுபேதார், அவரே நிஜாம். நிஜாமின் கீழ் ஆர்க்காட்டு நவாப். நவாபுக்குத் தஞ்சை மராட்டிய மன்னரும் தெற்கத்திப் பாளையக்காரர்களும் திறை கட்ட வேண்டும். இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் அடுத்த கண்ணியோடு இணைத்தது ஒரு காகிதம்: சன்னது, பர்மான் என்று சொல்லப்பட்ட நியமன ஆணை. காகிதத்தின் வலிமை அதை எழுதியவரின் வலிமை. மேலே ஒரு கண்ணி அறுந்தால் கீழே உள்ளவை எல்லாம் ஆடும்.

1748-இல் அறுந்தது. முதல் நிஜாமான ஆசப் ஜா புர்ஹான்பூரில் காலமானார். உடன் இருந்த மகன் நாசிர் ஜங் கருவூலத்தையும் படையையும் கைப்பற்றிக்கொண்டார். மகள் வயிற்றுப் பேரன் முசாபர் ஜங், பாதுஷா தமக்கே ஆணை தந்திருக்கிறார் என்றார். மூத்த மகன் காஜியுத்தீனோ டில்லியில் உயர்பதவியில் இருந்தார். அவருக்கும் உரிமை உண்டு. (அஜ்மீர் வாயிலருகே உள்ள பழைய மதரஸா இந்தக் குடும்பத்தின் அறக்கொடைதான், ஆசப் ஜாவின் தந்தை நிறுவியது. இன்றைய ஜாகிர் உசேன் கல்லூரியின் வேர் அங்கே இருக்கிறது. அங்கே படிக்கும் நம் நண்பர்கள் கவனிக்க.)

நிஜாம் பதவிக்குப் போட்டி வந்ததும் ஆர்க்காட்டிலும் போட்டி வந்தது. அங்கே 1710 முதல் ஆண்டது நவாயத் என்னும் குடும்பம். 1740-இல் நவாப் தோஸ்த் அலி மராட்டியரோடு போரிட்டு மாண்டார். அவர் மகன் 1742-இல் வேலூரில் கொலையுண்டார். பேரக்குழந்தையும் 1744-இல் கொல்லப்பட்டது. நிஜாம் தம் அதிகாரியான அன்வருத்தீனை நவாப் ஆக்கினார். ஆக, ஆணை அன்வருத்தீனிடம். ஆனால் பழைய குடும்பத்தின்பால் பற்று நாட்டில் பரவிக் கிடந்தது. அந்தப் பற்றுக்கு உரியவராக எஞ்சியவர் தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாகிப். ராணி மீனாட்சியை ஏமாற்றித் திருச்சிராப்பள்ளியைப் பிடித்தவர் இவர்தாம். பிறகு மராட்டியரிடம் சிறைப்பட்டுச் சதாராவில் ஏழாண்டு கிடந்தார். 1748-இல் விடுதலை பெற்றார். அதற்கான பணத்தில் புதுச்சேரி ஆளுநர் டூப்ளேயின் பங்கும் இருந்தது.

முசாபர் ஜங்கும் சந்தா சாகிபும் கைகோத்தார்கள். ஒருவர் நிஜாம் ஆகவேண்டும். அவர் மற்றவரை நவாப் ஆக்கவேண்டும். பிரெஞ்சுப் படையும் சேர்ந்துகொண்டது. 1749 ஆகஸ்டு 3 அன்று ஆம்பூரில் முதியவரான அன்வருத்தீன் யானைமீது இருந்தபடியே சுடப்பட்டு இறந்தார். அவர் மகன் முகமது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்கு ஓடினார். அன்றிலிருந்து ஏறக்குறைய மூன்றாண்டுக் காலம் ஆர்க்காட்டுச் சீமைக்கு இரண்டு நவாபுகள். தலைநகரில் ஒருவர், மலைக்கோட்டையில் ஒருவர்.

சந்தா சாகிப் உடனே திருச்சிக்குப் போயிருந்தால் கதை அப்போதே முடிந்திருக்கும். ஆனால் படைக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை. ஆகவே முதலில் தஞ்சாவூருக்குப் போய், "நான் நவாப், பழைய திறைப் பாக்கியைக் கட்டு" என்றார். மன்னர் பிரதாபசிங் மறுக்கவில்லை, கொடுக்கவும் இல்லை. பேசினார், இணங்கினார், ஒருநாள் வெள்ளிப் பாத்திரங்கள் அனுப்பினார், மற்றொரு நாள் வழக்கொழிந்த நாணயங்கள், பிறகு நகைகள், ஒவ்வொன்றுக்கும் மதிப்புப் போடுவதில் ஒரு தகராறு. இப்படி வாரங்கள் கழிந்தன. இரண்டு அரசாங்கங்களுக்கு இடையில் அகப்பட்ட ஒருவர் எப்படிப் பிழைக்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் படித்ததில்லை. எந்த நவாப் வெல்வார் என்று தெரியும்வரை எவரையும் நவாப் அல்ல என்று சொல்லாமல் இருப்பது, அவ்வளவுதான்.

அந்தத் தாமதம் பலித்தது. 1750 தொடக்கத்தில் நாசிர் ஜங் பெரும்படையோடு வந்துசேர்ந்தார். முசாபர் ஜங் சரணடைந்து சிறைப்பட்டார். "முகமது அலியே நவாப்" என்று நாசிர் ஜங் உறுதி செய்தார். சந்தா சாகிப் புதுச்சேரிக்குள் ஒதுங்கினார். அந்த ஆண்டு டிசம்பரில் செஞ்சிக்கு அருகே நாசிர் ஜங்கை அவருடைய பட்டாணிய நவாபுகளே சதிசெய்து கொன்றார்கள். சிறையில் இருந்த முசாபர் ஜங் அன்றே நிஜாம் ஆனார்! மீண்டும் சந்தா சாகிபே நவாப். இரண்டு மாதம் கழித்து, 1751 பிப்ரவரியில், அதே பட்டாணிய நவாபுகளோடு ஏற்பட்ட சண்டையில் முசாபர் ஜங்கும் கொல்லப்பட்டார். உடன் சென்ற பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, நாசிர் ஜங்கின் தம்பி சலாபத் ஜங்கை நிஜாம் ஆக்கினார்.

படிக்கும்போதே தலை சுற்றுகிறது அல்லவா? 1749 ஜூலை முதல் 1751 ஜனவரி வரை பதினெட்டு மாதங்கள். அதற்குள் மேலிடத்து ஆணையின்படி உரிய நவாப் அன்வருத்தீன், பின் சந்தா சாகிப், பின் முகமது அலி, பின் மறுபடி சந்தா சாகிப். திண்டிவனத்துப் பக்கத்தில் இரண்டு காணி நஞ்செய் வைத்திருந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். அறுவடை ஆகிறது. நவாபின் அமில்தார் வந்து சர்க்கார் பங்கைக் கேட்கிறார். எந்த நவாபின் அமில்தார்? கொடுத்துவிட்டுச் சீட்டு வாங்கினால், அடுத்த மாதம் மற்றவரின் ஆள் வந்து "அது கலகக்காரனுக்குக் கொடுத்தது, சர்க்காருக்குச் சேரவேண்டியது எங்கே?" என்பார். கொடுக்காவிட்டால் அன்றைக்கே அடி. போட்டி அரசாங்கம் என்பதன் முழுப் பொருளும் அந்தச் சீட்டில் அடங்கியிருக்கிறது. ஒரு சர்க்கார் தந்த ரசீதை மற்ற சர்க்கார் செல்லாது என்கிறது.

இது பழங்கதை மட்டும் அன்று. நம் தலைமுறையிலேயே ஈழத்தின் வன்னிப் பகுதி 2009 வரை இத்தகைய வாழ்வை அறிந்திருந்தது. அங்கே விடுதலைப் புலிகளின் காவல்துறையும் நீதிமன்றங்களும் வரித்துறையும் இயங்கின. அதே ஊர்களில் இருந்த ஆசிரியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் கச்சேரி ஊழியர்களுக்கும் சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் கண்டி வீதியில் ஓமந்தையைக் கடந்த சரக்குக்கு இரு பக்கத்திலும் சோதனை. கொழும்புக்கு வரி கட்டி வந்த பொருளுக்கு இங்கும் ஒரு வரி. எது சரி, எது தவறு என்று வழக்காடுவது என் நோக்கம் அன்று. அங்கே கடை வைத்திருந்தவருக்கும் திண்டிவனத்து உழவருக்கும் பொதுவான கணக்கு ஒன்று இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

மீண்டும் ஆர்க்காட்டுக்கு வருவோம். இரண்டு நவாபுகளுக்கும் முதல் தேவை துப்பாக்கிப் பயிற்சி பெற்ற சிப்பாய்கள். அவர்கள் புதுச்சேரியிலும் சென்னைப்பட்டினத்திலும் கிடைத்தார்கள். ஆனால் பழைய பாளையத்துப் படைபோல நிலமானியத்துக்காக வருபவர்கள் அல்லர். மாதச் சம்பளம் ரொக்கமாக வேண்டும். ரொக்கம் எங்கே? வரி வசூலில். வசூலோ பாதி நாட்டில் நடக்கவில்லை. ஆகவே இரண்டு நவாபுகளும் ஒரே வழியைக் கண்டார்கள்: வரப்போகும் வரியை அடகு வைப்பது. சந்தா சாகிப் வில்லியனூரையும் பாகூரையும் சேர்ந்த ஊர்களைப் பிரெஞ்சுக்காரருக்குக் கொடுத்தார். முகமது அலி ஆங்கிலக் கம்பெனியாரிடம் கடன்மேல் கடன் வாங்கினார். நான் வரலாற்று மாணவன் அல்லன். ஆயினும் எனக்குத் தோன்றுவது இது. ஆம்பூரிலும் ஆர்க்காட்டிலும் நடந்த சண்டைகளைவிட இந்த அடகுச் சீட்டுகளே நாட்டின் தலைவிதியை எழுதின. ஒரே அரசாங்கம் இருந்த காலத்திலும் கடன் உண்டு. ஆனால் போட்டி அரசாங்கம் பேரம் பேச முடியாது. தான் மறுத்தால் அதே விலைக்கு மற்றவன் விற்றுவிடுவான்.

இந்தப் பேரத்தின் உச்சம் திருச்சிராப்பள்ளியில் நடந்தது. 1751-இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் கோட்டையை முற்றுகையிட்டார்கள். முகமது அலி மைசூர்த் தளவாய் நஞ்சராஜருக்கு ஆள் அனுப்பி, உதவிக்கு வந்தால் திருச்சிராப்பள்ளியையே தருவதாக இரகசியமாக எழுதிக் கொடுத்தார். அதைத் தம் நண்பர்களான ஆங்கிலேயருக்குச் சொல்லவில்லை. எந்தக் கோட்டையைக் காக்கப் போரோ அந்தக் கோட்டையே கூலி! மைசூர்ப் படை வந்தது. முராரி ராவின் மராட்டியக் குதிரைப்படை வந்தது. தஞ்சைப் படை மானோஜியின் தலைமையில் வந்தது. புதுக்கோட்டைத் தொண்டைமானும் துணை நின்றார். இதற்கிடையில் கிளைவ் 200 ஐரோப்பியரோடும் 300 சிப்பாய்களோடும் ஆர்க்காட்டைப் பிடித்து, சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபு முற்றுகையிட்டபோது ஐம்பது நாள் தாக்குப்பிடித்தார். இதைத்தான் பாடப்புத்தகம் பக்கம் பக்கமாக எழுதுகிறது. அதன் பொருள், தலைநகர் கைமாறியது என்பதே. அதுவரை கோட்டை மட்டும் வைத்திருந்த நவாபுக்கு இப்போது ஆர்க்காடும் கிடைத்தது.

1752 ஜூன் மாதம் பிரெஞ்சுப் படை திருவரங்கத்தில் சரணடைந்தது. சந்தா சாகிப் உயிர்ப்பிச்சை உறுதியின்பேரில் மானோஜியிடம் போனார். உறுதி நிற்கவில்லை, தலை வெட்டப்பட்டது. மைசூருக்குத் திருச்சியும் கிடைக்கவில்லை. நஞ்சராஜர் சினந்து பிரெஞ்சுக்காரரோடு சேர, போர் மேலும் இரண்டாண்டு நீண்டது.

இனி நான் மிகவும் விரும்பிப் படித்த பகுதி. 1754 ஜனவரியில் இரு கம்பெனிகளும் சமாதானம் பேசச் சதுரங்கப்பட்டினத்தில் கூடின. டச்சுக்காரர் கோட்டை இருந்த ஊர். இன்று கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில் அதன் இடிபாடுகள் நிற்கின்றன. பேச்சு என்ன? உரிய அரசாங்கம் எது என்பதே. பிரெஞ்சுத் தூதர்கள் முசாபர் ஜங்கும் சலாபத் ஜங்கும் அளித்த சன்னதுகளையும் பாதுஷாவின் ஆணை என்று ஒன்றையும் எடுத்துக் காட்டினார்கள். ஆங்கிலத் தூதர்கள் முத்திரை பொய் என்று ஐயம் எழுப்பி, முகமது அலிக்கு நாசிர் ஜங்கும் காஜியுத்தீனும் பாதுஷாவும் ஆணை தந்திருக்கிறார்கள் என்றார்கள். பேச்சு முறிந்தது.

அந்தக் காகிதங்களை எழுதியவர்கள் அன்று எங்கே இருந்தார்கள் என்று பாருங்கள். நாசிர் ஜங் கொலையுண்டார். முசாபர் ஜங் கொலையுண்டார். காஜியுத்தீன் 1752-இல் தாமே நிஜாம் ஆகத் தெற்கே புறப்பட்டுப் போய், அவுரங்காபாத்தில் நஞ்சூட்டப்பட்டு இறந்தார். பாதுஷாவோ, முன் ஆண்டுதான் தமக்கு எதிராக ஒரு போட்டிப் பாதுஷாவைக் கண்டவர். டில்லித் தெருக்களில் அவருக்காகச் சப்தர்ஜங்கை எதிர்த்துப் போரிட்டவன் அந்தக் காஜியுத்தீனின் மகன் இமாத்-உல்-முல்க் என்னும் இளைஞன். சதுரங்கப்பட்டினத்துப் பேச்சு முறிந்து சில மாதங்களில், 1754 ஜூன் மாதத்தில், அதே இமாத்-உல்-முல்க் அகமது ஷாவை அரியணையிலிருந்து இறக்கிக் கண்ணைக் குருடாக்கினான். இரண்டாம் ஆலம்கீர் என்பவரைப் பாதுஷா ஆக்கினான். கடற்கரையில் மேசைமேல் பரப்பிய காகிதங்களின் ஊற்றுக்கண் இந்த நிலையில் இருந்தது.

முடிவில் விடை டில்லியிலிருந்து வரவில்லை, பாரிசிலிருந்து வந்தது. 1763 பிப்ரவரியில் கையெழுத்தான உடன்படிக்கையின் 11-ஆம் பிரிவு, முகமது அலியே கர்நாடகத்தின் உரிய நவாப் என்றும் சலாபத் ஜங்கே தக்காணத்தின் உரிய சுபேதார் என்றும் கூறியது. இதில் ஒரு வேடிக்கை. சலாபத் ஜங்கை அவருடைய தம்பி நிஜாம் அலி 1762-லேயே பதவி நீக்கிச் சிறையில் வைத்துவிட்டார். ஐரோப்பாவின் வல்லரசுகள் முத்திரையிட்டு ஒப்புக்கொண்ட அரசாங்கம் அப்போது சிறைக்குள் இருந்தது!

வென்ற நவாபின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1763-இல் செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1765-இல் ஷா ஆலம் பாதுஷாவிடமிருந்து, நிஜாமுக்குக் கீழ்ப்படாத தனி நவாப் என்ற ஆணையும் பெற்றார். சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு கம்பெனிக்கும், கம்பெனி அதிகாரிகளுக்குத் தனித்தனியாகவும் கடன்பட்டார். அந்தக் கடன் விவகாரம் 1785-இல் எட்மண்டு பர்க்கின் புகழ்பெற்ற பாராளுமன்றச் சொற்பொழிவுக்குப் பொருள் ஆயிற்று. நவாப் 1795-இல் இறந்தார். 1801-இல் கம்பெனி நாட்டையே எடுத்துக்கொண்டது. தெற்கத்திப் பாளையங்கள் நவாபின் திறைக்கு எதிராகவும் பின்னர் கம்பெனிக்கு எதிராகவும் நிகழ்த்திய போர்கள் தனிக் கட்டுரைக்கு உரியவை. யாரேனும் வரலாற்று மாணவர் அடுத்த இதழில் எழுத வேண்டுகிறேன்.

இந்தக் குழப்பத்தைத் தமிழில் நாள்தோறும் எழுதிவைத்தவர் ஒருவர் இருந்தார்: டூப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை. அவருடைய நாட்குறிப்பு 1736 முதல் 1761 வரை நீள்கிறது. பெரிய அரசியல் நூல்கள் "அதிகாரம் கைமாறியது" என்று ஒரு வரியில் முடிப்பதை, எவருக்கு எந்தப் பட்டுச் சால்வை, எத்தனை பீரங்கி முழக்கம், எவர் முகம் கறுத்தது என்று அவர் எழுதுகிறார். நூலகத்தில் கிடைத்தால் விடாதீர்கள்.

சித்தப்பாவின் கேள்விக்கு வருகிறேன். சப்தர்ஜங்கின் பாதுஷாக்களில் ஒருவர் கண்ணிழந்தார். ஒருவர் மறைந்தே போனார். அவர்களுக்குப் பின் வந்த இரண்டாம் ஆலம்கீர் 1759-இல், இன்று கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிரோஷ் ஷா கோட்லாவில், இமாத்-உல்-முல்க்கின் ஏவலால் கொலையுண்டார். உமாயூன் கல்லறை வளாகத்தில் புதைக்கப்பட்டார். அவருடைய பெயர் மட்டும் நம் ஊரில் வெகுகாலம் வாழ்ந்தது. சென்னை நாணயச் சாலையில் ஆங்கிலக் கம்பெனி அடித்த ஆர்க்காட்டு ரூபாயில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலும், பாரசீக எழுத்தில் இரண்டாம் ஆலம்கீரின் பெயரும் அவரது ஆறாம் ஆட்சி ஆண்டும் பொறிக்கப்பட்டிருந்தன. அந்த ரூபாயில்தான் திண்டிவனத்து உழவரின் பேரன் வரி கட்டினான்.